எல்லார் வீட்டிலும் ஒரே சோபா

விசா வித்வான் என்று ஒரு பிராணி உண்டு. மிருகக்காட்சிச் சாலையில் போய்த் தேடாதீர்கள். அங்கே இருக்கும் மிருகங்களுக்கெல்லாம் நிரந்தரக் குடியுரிமை. ஆகவே இதற்கு அங்கே பிழைப்பு இல்லை. சொந்த ஊரில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்று, முழங்கால் தேய்ந்து, இனிமேலாவது நிம்மதியாக இருப்போம் என்று நல்ல காற்றும் குறைந்த வாடகையும் உள்ள ஒரு வெளிநாட்டில் போய்க் குடியிருக்கிறார்களே பென்ஷன்காரர்கள், அவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் அது தானாக முளைக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ‘சார், ஒரு சந்தேகம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மடமடவென்று கிளை விட்டுவிடும்.

அப்படித் தங்குகிற வெளிநாட்டுப் பென்ஷன்காரர்கள் ஆண்டுக்கு ஒரு தடவை குடிவரவு அலுவலகத்தில் போய் நின்று, ‘நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன், உங்கள் நாட்டில் எந்த வேலையும் செய்யவில்லை, செய்ய உடம்பில் தெம்பும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்து விசாவை நீட்டித்துக்கொள்ள வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஒரு விண்ணப்பம், ஒரு முத்திரை. ஆனால் ‘அவ்வளவுதானே’ என்று ஒரு விசா வித்வானிடம் வாய் தவறிச் சொல்லிப் பாருங்களேன்! கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, உங்களை ஏற இறங்கப் பார்த்து, ‘இப்படித்தான் போன வருஷம் ஒருத்தர் சொன்னார்’ என்பார். அந்த ஒருத்தர் என்ன ஆனார் என்று மட்டும் கடைசி வரை சொல்லவே மாட்டார்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சாதாரண மனிதர்கள் சந்தித்துக்கொண்டால் ‘சௌக்கியமா?’ என்று கேட்பார்கள். இவர் ‘எப்ப முடியுது?’ என்று கேட்பார். புதிதாக வந்து இறங்கிய பல் டாக்டர் ஒருவர், ஏற்கெனவே நெஞ்சுக்குள் ஏதோ கருவி பொருத்திக்கொண்ட மனிதர், இந்தக் கேள்வியைக் கேட்டு வெலவெலத்துப்போய், “ஆஸ்பத்திரில ஒண்ணும் அப்படிச் சொல்லலையே!” என்று உட்கார நாற்காலி தேடினார். விசாவைத்தான் கேட்கிறார் என்று நாங்கள் சொல்லித் தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியதாயிற்று.

எங்கள் வரிசை வீடுகளில் இருந்த வித்வானுக்கு சர்க்குலர் சார் என்று பெயர். அவருடைய நிஜப் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸில் இருக்கிறது. அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸில் மங்கலாக இருக்கிறது. எங்களில் யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. சொந்த ஊரில் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் சுற்றறிக்கை அனுப்பும் பிரிவில் காலம் தள்ளியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை அரிப்பு அடங்கவில்லை. எந்தப் பேச்சை எடுத்தாலும் “புது சர்க்குலர் வந்திருக்கு, தெரியுமில்ல?” என்றுதான் ஆரம்பிப்பார். மழை வந்தால்கூட அதற்கு முன்னால் ஒரு சர்க்குலர் வந்திருக்கும் என்று நம்புகிறவர்.

தனிக்கட்டை. காலையில் குளித்து முழுகி, ஒரு பெரிய தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், குடிவரவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையை ஒட்டிய டீக்கடையில்தான் அவருக்குப் பொழுது போகும். அந்த அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள்கூட லீவு போடுவார்கள், இவர் போட்டதில்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு, உள்ளே போகிற வெளிநாட்டுக் கிழவர்களை மடக்கி மடக்கி யோசனை சொல்வார். ஆளே தெரியாதவர்களுக்கும் சொல்வார். காஸ் அடுப்பு ரிப்பேருக்கு வந்தவனுக்கும் ஒருநாள் சொன்னார். அவன் அந்த ஊர்க்காரன், அவனுக்கு விசாவே தேவையில்லை.

அவருடைய சாஸ்திரங்களைக் கேளுங்கள். திங்கட்கிழமை போகக்கூடாது, அதிகாரிகள் கடுப்பாக இருப்பார்கள். செவ்வாய் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடும். புதன் கூட்டம் போடுவார்கள். வெள்ளி வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். ஆகவே எல்லாரும் வியாழக்கிழமை போனோம். வியாழக்கிழமை வாசல்வரை வரிசை நின்றது. “பாத்தீங்களா, எவ்ளோ கூட்டம்! ராசியான நாள்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு!” என்றார். அந்தக் கூட்டமே அவர் அனுப்பி வைத்த கூட்டம் என்று யார் அவரிடம் சொல்வது?

சட்டை வெளிர் நீலத்தில் இருக்க வேண்டும். பேனா மை கருநீலத்தில் இருக்க வேண்டும். கையெழுத்து ஜெராக்ஸின் கீழ் மூலையில் சாய்வாக விழ வேண்டும். அதிகாரி கேட்டால் மட்டும் ஒரிஜினலைக் காட்ட வேண்டும். கேட்காவிட்டால் கேட்க வைத்துக் காட்ட வேண்டும். இத்தனையும் கேட்டு, வியாழக்கிழமைதோறும் வெளிர் நீலச் சட்டையில் வழுக்கைத் தலைகளாக நாங்கள் போய் நிற்பதைப் பார்த்து, ஏதோ பாண்டு வாத்தியக் கோஷ்டி என்று நினைத்து, வாத்தியங்களை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னான் காவலாளி.

விதிமுறை எல்லாம் அலுவலக வாசலிலேயே பெரிய பலகையில், எங்கள் வயதுக்கும் தெரிகிற எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதைக் காட்டி ஒருநாள் கேட்டேன். “சார், அது வெளியில போட்டிருக்கறது. உள்ள வேற,” என்றார். உள்ளே நடப்பது இவருக்கு எப்படித் தெரியும்? “உள்ள நமக்கு ஆள் இருக்கு.” விசாரித்ததில் அந்த ஆள் அலுவலகத்துக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் என்று தெரிந்தது. அவருக்கு உள்ளே ரொம்ப தூரம் போக அனுமதி இருந்தது உண்மைதான்.

இவரைக் கேட்காமல் யாராவது தானாகப் போய் நீட்டிப்பு வாங்கிவிட்டால் மட்டும் மனிதருக்கு முகம் சுண்டிப்போகும். நர்ஸ் அக்கா அப்படிச் செய்திருக்கிறார். மூன்றாம் வீட்டில் இருந்த ஓய்வு பெற்ற நர்ஸ். யாரைப் பார்த்தாலும் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துவிட்டுத்தான் பேசுவார். ஒரு செவ்வாய்க்கிழமை, மஞ்சள் உடையில் போய், சிரித்துக்கொண்டே முத்திரை வாங்கி வந்துவிட்டார். “இந்தத் தடவை விட்டுட்டாங்க. அடுத்த தடவை பாருங்க,” என்றார் சர்க்குலர் சார். அவர் சொன்ன விதத்தில் நர்ஸ் அக்காவுக்கே தன் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தோன்றியது.

இப்படி எங்கள் வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நிஜமாகவே ஒரு புது விதி வந்தது. விண்ணப்பத்தோடு, நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் நீங்கள் இருக்கிற மாதிரி ஒரு போட்டோ இணைக்க வேண்டும். காரணம், சிலர் முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு வேறு எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தார்களாம். எவ்வளவு எளிமையான விதி! உட்கார வேண்டியது, எடுக்க வேண்டியது, ஒட்ட வேண்டியது. சர்க்குலர் சார் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

முதலில் போனவர் பல் டாக்டர். அவர் வீட்டில் ஒரு நல்ல நாற்காலிகூட இல்லை என்று, சர்க்குலர் சார் தன் வீட்டுப் பச்சை சோபாவைத் தூக்கிக்கொண்டு வந்து டாக்டர் வீட்டு ஹாலில் போட்டு, தன் சுவர்க் கடிகாரத்தை மேலே மாட்டி, தன் பூச்சாடியைப் பக்கத்தில் வைத்து, ஜன்னல் திரையைக் கையால் விலக்கிப் பிடித்து வெளிச்சம் வரவழைத்து, படம் எடுக்க வைத்தார். டாக்டருக்கு அன்றே நீட்டிப்பு கிடைத்தது. போதாதா? பாஸான சோபா! பாஸான கடிகாரம்! “ஒரு தடவை பாஸான அயிட்டத்தை மாத்தக் கூடாது சார். மாத்தினா ஏன் மாத்தினேன்னு கேள்வி வரும்,” என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு யாருக்கு நீட்டிப்பு வந்தாலும் சோபா அந்த வீட்டுக்குப் போனது. சர்க்குலர் சார் வீட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போய்ப் படம் எடுத்திருந்தால் வேலை சுலபம். ஆனால் மனிதர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். ‘நீங்கள் குடியிருக்கும் வீட்டில்’ என்று விதி சொல்லும்போது இன்னொருவர் வீட்டில் எடுத்தால் அது மோசடி இல்லையா? ஆகவே சோபாதான் நடந்தது. கூடவே கடிகாரமும் பூச்சாடியும். எங்கள் வீடுகளோ ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே நிறச் சுவர், ஒரே ஜன்னல், முன்னால் தெரு, பின்னால் குறுகலான சந்து. புதிதில் நானே அடுத்த வீட்டுக்குள் போய் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரோ ஒரு அம்மாவிடம் காபி கேட்டிருக்கிறேன்.

எங்கள் முறை வந்தது. என் மனைவிக்கு இதில் உடன்பாடே இல்லை.

“நம்ம வீட்டு பிளாஸ்டிக் நாற்காலிக்கு என்ன குறைச்சல்?” என்று கேட்டாள்.

“தங்கச்சி, பிளாஸ்டிக் நாற்காலின்னா தற்காலிகம்னு அர்த்தம். சோபான்னாதான் நிரந்தரம்,” என்றார் சர்க்குலர் சார்.

நாங்கள் சோபாவில் உட்கார்ந்தோம். பல் டாக்டர் செல்போனை நீட்டிப் பிடிக்க, அவர் திரையைப் பிடித்துக்கொண்டு உத்தரவு போட்டார். “சிரிக்காதீங்க. சிரிச்சா டூரிஸ்ட். முறைக்காதீங்க. முறைச்சா ஏதோ புகார்னு நினைப்பாங்க. ரெண்டு பேரும் ஓய்வு பெற்ற மாதிரி பாருங்க.” ஓய்வு பெற்ற மாதிரி எப்படிப் பார்ப்பது? நான் கண்ணைப் பாதி மூடினேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். படம் விழுந்தது.

அவளைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஊரில் இருந்தவரை அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் தம்பி தங்கைகளுக்கு ஆக்கிப் போட்டு, பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டு, கடைசியில் மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கும் ஆக்கிப் போட்டாள். அங்கே ஹாலில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கட்டில். மெஷின் சுற்றினால் கட்டிலும் கூட ஆடும். மகன் மேல் தப்பில்லை, இடம் அவ்வளவுதான். இங்கே வந்த பிறகுதான், இந்த வயதில், நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போய் மிதக்கக் கற்றுக்கொண்டாள். நீந்த வராது. மல்லாந்து மிதக்க மட்டும் வரும். “காதுக்குள்ள தண்ணி போயிடுதுங்க. யாரு கூப்பிட்டாலும் கேக்கல. அவ்ளோ சுகமா இருக்கு,” என்று வந்து சொன்னாள். நாற்பது வருஷத்துக்கு மேல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவன் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

வியாழக்கிழமை, வெளிர் நீலச் சட்டையில் போனோம். பெண் அதிகாரி ஒருவர் இருந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர்; அமைதியான முகம். அவர் மொழி எங்களுக்கு அரைகுறை, எங்கள் மொழி அவருக்குச் சுத்தமாகத் தெரியாது, மிச்சத்தைக் கையால் பேசிக்கொண்டோம். எங்கள் போட்டோவை எடுத்துப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, பழைய விண்ணப்பங்களிலிருந்து ஒவ்வொரு போட்டோவாக எடுத்து மேஜைமேல் சீட்டுக்கட்டு பரப்புகிற மாதிரி பரப்பினார். பச்சை சோபாவில் பல் டாக்டர். பச்சை சோபாவில் நர்ஸ் அக்கா. அவர்கூட இந்தத் தடவை பயந்துபோய்ச் சோபாவுக்கு வந்துவிட்டிருந்தார். பச்சை சோபாவில் அடுத்த வீட்டுத் தம்பதி. எல்லாவற்றிலும் அதே கடிகாரம், அதே பூச்சாடி.

“இது யார் வீடு?” என்று கேட்டார்.

“எங்க வீடு.”

“இது?”

“பல் டாக்டர் வீடு.”

“அப்போ இந்தக் கை யாருது?”

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும், ஜன்னல் ஓரத்தில், திரையை விலக்கிப் பிடித்தபடி ஒரு கை. பட்டை வாட்ச் கட்டிய கை. எங்கள் வீட்டிலும் இருந்தது, டாக்டர் வீட்டிலும் இருந்தது, ஒண்டியாக வாழும் நர்ஸ் அக்கா வீட்டிலும் இருந்தது.

“நீங்க எல்லாரும் ஒரே வீட்ல இருக்கீங்களா? இல்ல, யாருமே இங்க இல்லையா?” என்று அதிகாரி கேட்டார். சந்தேகம் தீரும்வரை யாருக்கும் நீட்டிப்பு கிடையாது, கொடுத்ததும் செல்லாது, வரும் வாரம் நானே வந்து வீடு வீடாகப் பார்ப்பேன், அவரவர் வீட்டில் அவரவர் வாழ்வதாகத் தெரியாவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று நிதானமாகச் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி விண்ணப்பக் காகிதத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். எங்கள் நிறுத்தம் வரும் சமயத்தில், “மறுபடியும் அந்தக் கட்டில்தானாங்க?” என்றாள். நான் எழுந்து, இறங்குவதற்கு மணியை அடித்தேன்.

இவ்வளவுக்குப் பிறகு எந்த மனிதனுக்கும் சோபா மேல் ஒரு வெறுப்பு வரும் என்று நினைப்பீர்கள். விசா வித்வானுக்கு வராது. அதுதான் அந்த இனத்தின் விசேஷம். சர்க்குலர் சார் எங்களையெல்லாம் கூட்டி வைத்து விளக்கினார்: “போட்டோல சோபா இருக்கு. அவங்க வரும்போது வீட்ல சோபா இல்லன்னா, போட்டோ பொய்னு ஆயிடும். அதனால ஒவ்வொரு வீட்லயும் சோபா இருந்தாகணும்.”

“இருக்கறது ஒரு சோபாதானே தம்பி?” என்றார் நர்ஸ் அக்கா.

“அதிகாரியும் ஒருத்தர்தானே அக்கா? ரெண்டு வீட்ல ஒரே நேரத்துல உக்கார முடியுமா அவங்களால?”

கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினோம். இதில் என்ன வேடிக்கை என்றால், எங்களில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் நர்ஸ், ஒருவர் வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். நானே மின்சார அலுவலகத்தில் ஆயிரம் பேர் புகாரை விசாரித்துத் தீர்த்தவன். யாருக்கும் ‘இது என்ன பைத்தியக்காரத்தனம்?’ என்று கேட்க வாய் வரவில்லை. பயம் வந்தால் மனிதனுக்கு முதலில் போவது புத்திதான். என் மனைவி மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதிகாரி வந்த அன்று காலையில் சந்தில் ஒத்திகை நடந்தது. திட்டம் இதுதான்: அதிகாரி நர்ஸ் அக்கா வீட்டிலிருந்து முன்வாசல் வழியாக வெளியே வரும்போது, சோபா பின்வாசல் வழியாகப் பல் டாக்டர் வீட்டுக்குப் போகும்; அங்கிருந்து எங்கள் வீடு; பிறகு மற்ற வீடுகள்; வரிசையின் கடைசியில் சர்க்குலர் சார் வீடு. தூக்குவதற்கு ஆள்? இடுப்புப் பட்டை கட்டியவர் ஒருவர், முழங்கால் உறை போட்டவர் ஒருவர், கண்புரை அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடி மாட்டியவர் ஒருவர். எல்லாரும் வெளிர் நீலச் சட்டை. சர்க்குலர் சார் கடிகாரத்தையும் பூச்சாடியையும் தூக்கிக்கொண்டு முன்னால் வழிகாட்டினார். நோயாளி யார், தூக்குகிறவர் யார் என்று சொல்ல முடியாத ஒரு ஸ்ட்ரெச்சர் மாதிரி அந்த ஊர்வலம் இருந்தது.

நர்ஸ் அக்கா வீட்டில் எல்லாம் நன்றாக நடந்தது. அதிகாரி சோபாவில் உட்கார்ந்தார், குறித்துக்கொண்டார். நர்ஸ் அக்கா அவர் கையைப் பிடித்து நாடி பார்த்து, ரத்தக் கொதிப்பும் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லி நேரத்தை இழுத்தார். அதிகாரி எழுந்து முன்வாசலைத் தாண்டியதும் சோபா பின்வாசலைத் தாண்டியது. பல் டாக்டர் வீட்டில் அது போய் இறங்கியபோது அழைப்பு மணி அடித்தது. அதிகாரி உட்கார்ந்தார். சோபா சூடாக இருந்ததை அவர் கவனித்தாரோ என்னவோ, மெத்தைக்கு நடுவில் கையை விட்டார். ஒரு பேனா வந்தது. அது அவருடைய பேனா. போன வீட்டில் தொலைத்தது. டாக்டர் சொல்லித்தான் இது எங்களுக்குப் பிற்பாடு தெரியும். அந்த நேரத்தில் தன் நெஞ்சுக்குள் இருக்கும் கருவி நின்று நின்று ஓடியதாகச் சொன்னார். அதிகாரி பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையில் செருகிக்கொண்டார். குளியலறை எங்கே என்று கேட்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

இப்போது எங்கள் வீடு. சந்தில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டதும் நான் பின்கதவைத் திறக்க ஓடினேன். கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதன் முன்னால் என் மனைவி, பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“எழுந்திரும்மா, சோபா வருது!”

“வரட்டும்.”

“தங்கச்சி! கதவைத் திறங்க! கை விட்டுப்போகுது!” என்று வெளியே சர்க்குலர் சார் கத்தினார். யாரோ “என் இடுப்பு!” என்றார்.

முன்வாசலில் மணி அடித்தது. நான் போய்த் திறந்தேன். வேறு என்ன செய்ய? அதிகாரி உள்ளே வந்தார். ஹாலில் இருந்தது ஒரு கொடியில் காயும் என் பனியன், என் மனைவியின் நீச்சல் உடை, மேஜை நிறைய மாத்திரை டப்பாக்கள், பாதி உரித்த வெங்காயம். உட்கார ஒன்றுமில்லை. என் மனைவி எழுந்து, தன் நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் போட்டாள். போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“போதுமா உங்களுக்கு? அந்த மனுஷன் சொல்றதைக் கேட்டு எத்தனை வருஷமா ஆடறீங்க? நீலச் சட்டை போடுன்னா போடறீங்க, சிரிக்காதேன்னா சிரிக்க மாட்டேங்கறீங்க! நம்ம வீட்ல நாம இருக்கோம்னு சொல்றதுக்கு அடுத்தவன் சோபா எதுக்கு? இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் நான் சும்மா இருக்கேன். அதையும் கெடுத்துட்டு நிக்கறீங்களே, நீங்கல்லாம் ஒரு ஆம்பளையா? வெங்காயத்தை உரிங்கன்னு சொல்லிட்டுப் போனா அதையும் பாதியில விட்டுட்டு...”

அவள் குரல் உடைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதிகாரிக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் தொனிக்கு மொழி ஏது? அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், என் மனைவியோடு கூடப் பிறந்தவர் மாதிரி ஒரு பார்வை. நான் போய் வெங்காயத்தை எடுத்துக்கொண்டேன்.

அப்போது பின்கதவு மறுபடி இடிபட்டது.

“பின்னாடி யாரு?” என்றார் அதிகாரி.

“சோபா,” என்றாள் என் மனைவி.

அதிகாரியே போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். சந்தில் வெளிர் நீலச் சட்டைக் கிழவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, பச்சை சோபாவைத் தரையில் வைக்கவும் தெரியாமல் தூக்கவும் முடியாமல் நின்றார்கள். முன்னால் கடிகாரத்தை மார்போடு அணைத்தபடி சர்க்குலர் சார். அதிகாரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டை வாட்ச் கட்டிய மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

“ஓ, கை,” என்றார்.

அதற்கப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் சோபா கீழே விழுந்தது.

எங்கள் வீட்டில் வைத்தே எங்களுக்கும் அதுவரை பார்த்த வீட்டுக்காரர்களுக்கும் நீட்டிப்பு உறுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜாடையும் பேச்சுமாக அவர் விளக்கியதில் எங்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அவர் சோபாவைப் பார்க்க வரவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் குளியலறையில் பல் தேய்க்கும் பிரஷ் ஈரமாக இருக்கிறதா, கொடியில் துணி காய்கிறதா என்றுதான் பார்ப்பாராம். எங்கள் வீட்டில் அதையும் பார்க்கத் தேவைப்படவில்லையாம். “இவ்ளோ சண்டை, வாடகைக்கு எடுத்துட்டு வர முடியாது,” என்றாராம். சோபாவுக்குப் பின்னாலேயே வந்திருந்த பல் டாக்டர் அப்படித்தான் மொழிபெயர்த்தார். என் மனைவி அன்று சாயங்காலமே குளத்துக்குப் போனாள். நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

மற்ற வீடுகளையும் அப்படியே பார்த்து முடித்துவிட்டுக் கடைசியாக அதிகாரி போனது சர்க்குலர் சார் வீட்டுக்கு. சோபா எங்கள் சந்தில் கிடந்தது, கடிகாரமும் பூச்சாடியும் அவர் கையில். ஹால் வெறிச்சென்று இருந்தது. கொடியில் துணி இல்லை. அடுப்பு ஏற்றிய அடையாளமே இல்லை. பிரஷ்? எப்போது எது தேவைப்படுமோ என்று தோள்பைக்குள் வைத்திருக்கிறார். துண்டும் அதில்தான், மாத்திரையும் அதில்தான். விதியைச் சரியாகக் கடைப்பிடித்து இந்த நாட்டில் தங்குவது எப்படி என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்த மனிதர், தங்குவதற்கு நேரம் ஒதுக்கவே மறந்துவிட்டார். அதைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. யாரும் வாழ்கிற மாதிரி தெரியவில்லை, மறுபடி வந்து பார்க்கிறேன் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார் அதிகாரி.

பாவப்பட்டது வீண். மறுநாள் டீக்கடையில் சர்க்குலர் சாரைச் சுற்றி ஒரே கூட்டம். “மறு ஆய்வு சார், மறு ஆய்வு! நம்ம வரிசையில இதுவரைக்கும் யாருக்கும் கிடைக்கல. எனக்குத்தான் முதல்ல!” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரஷ் விஷயம் அதற்குள் புது சர்க்குலராகிவிட்டிருந்தது. ஈரம் போதாது, நுரையும் இருக்க வேண்டும். தலை சாய்ந்த பிரஷ் வைத்தால் சந்தேகம் வரும். பல் செட் வைத்திருப்பவர்கள் டம்ளரையும் சேர்த்துக் காட்ட வேண்டும். பல் டாக்டர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் அக்கா மட்டும் சர்க்குலர் சாரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, ராத்திரிக்கு என் வீட்டுக்கு வந்து சூடா ஏதாவது சாப்பிடு,” என்றார். “அதுக்கு பெர்மிஷன் வேணுமா அக்கா?” என்று கேட்டார் அவர். நிஜமாகவே கேட்டார்.

இதையெல்லாம் படித்துச் சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. இப்போது ஒரே ஒரு கேள்வி. உண்மையைச் சொல்லுங்கள், பக்கத்தில் யாரும் இல்லை. அந்தக் கிழவர்கள் சோபாவைத் தூக்கிக்கொண்டு சந்தில் ஓடியபோது, ‘அட முட்டாள்களா, வீட்டுக்கு வீடு வேறு வேறு கலரில் ஒரு உறை மாட்டியிருந்தால் விஷயம் முடிந்ததே! கடிகாரத்துக்குப் பதில் ஒரு காலண்டர் மாட்டியிருக்கலாமே!’ என்று உங்கள் மனசுக்குள் ஒரு யோசனை ஓடியதா இல்லையா? ஓடவில்லை என்றால் சந்தோஷம், உங்களுக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை. ஓடியது என்றால், சத்தம் போடாமல் எழுந்துபோய் உங்கள் வீட்டுப் பின்கதவை ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். தாழ்ப்பாள் போட்டிருந்தால், நீங்களும் ஒரு விசா வித்வான்தான் என்பது உங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும் என்று அர்த்தம்.